ஒன்பதாம் ரீலில் ஒன்றரை முழம்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை முதல் தாளில் தனியாக எழுதப்பட்டுள்ளன. வயது அறுபத்தெட்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். அச்சகத்துக்குப் பின்புறச் சந்தில், மாடியில் இரண்டு அறை கொண்ட வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. இதற்கு முன் எந்த வழக்கிலும் சம்பந்தப்பட்டதில்லை. இன்று வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், எழுத்தர் எழுத எழுத இதைச் சொல்கிறேன்.

எனக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் நானே வளர்த்தேன். அவன் சினிமாவில் டூப் வேலை பார்த்தான். அதாவது, கதாநாயகன் மாடியிலிருந்து குதிக்க வேண்டிய இடத்தில், கதாநாயகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு இவன் குதிப்பான். விழுந்த வேகத்தில் எழுந்து நிற்பதால் படக்காரர்கள் அவனைப் பந்து என்று கூப்பிட்டார்கள். டூப்பின் முகம் கேமராவுக்குத் தெரியக் கூடாது என்பது அந்தத் தொழிலின் சட்டம். தெரிந்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். உதாரணமாக, பொதுத்தேர்வு விடைத்தாளில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், தன் பெயரை மட்டும் எழுதக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம், அது போல. இந்த இடத்தில் எழுத்தர், உதாரணங்கள் வேண்டாம், நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார்.

அவன் வேலை செய்த பதினொரு படங்களைத் தியேட்டரில் பார்த்தேன். ஒன்றிலும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, "பதினொரு படத்துலயும் உன் முதுகைத்தான்டா பாத்தேன். காலைல எழுப்ப வந்தா இங்கயும் அதேதான்" என்றேன். அதற்கு அவன், "அடுத்த படத்துல ஒரு தடவ திரும்பறேன்க்கா, உனக்காக. நீ கண்ணைச் சிமிட்டிடாத" என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அதன் பிறகு 'பதினேழாவது தோட்டா' என்ற சண்டைப் படத்துக்கு அவனைக் கூப்பிட்டார்கள். மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலைக்குள்ளேயே இருபத்திரண்டு நாளில் எடுத்து முடித்த படம். ஆறு தோட்டா கொள்ளும் துப்பாக்கியால் கதாநாயகன் நடுவில் நிரப்பாமலே பதினேழு முறை சுடுகிறார். கணக்கு டீச்சராக இருந்தும் அதை நான் இங்கே குறையாகச் சொல்லவில்லை. கடைசிச் சண்டையில் கதாநாயகன் ஆலைக் கூரைமேல் ஓடிப்போய், கீழே போகிற லாரியில் குதிக்க வேண்டும். அதைச் செய்தது என் தம்பி. கூரை விளிம்பில் கால் வைத்ததும் அவன் கேமராப் பக்கம் முகத்தைத் திருப்பி, இடது புருவத்தை உயர்த்திவிட்டுக் குதித்தான். லாரியை அரை நாளுக்குத்தான் பேசியிருந்தார்கள். பிலிமும் தீர்ந்துவிட்டது. ஆகவே மறுபடி எடுக்காமல் அப்படியே சேர்த்துவிட்டார்கள். ஸ்டண்ட் மாஸ்டர் அவனைக் கன்னத்தில் அறைந்து, நான்கு மாதம் வேலைக்குக் கூப்பிடவில்லை. கால் சறுக்கியதால் திரும்பிவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த நான்கு மாதத்தில் அவன் சுமை ஏற்றும் வேலைக்கு வெளியூர் போயிருந்தபோது படம் ஒரு வியாழக்கிழமை வெளியானது. எனக்கு அரையாண்டு விடைத்தாள் திருத்தும் நேரம். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருந்தேன். சனிக்கிழமையோடு படத்தை எடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்தவன், தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், "பாத்தியாக்கா?" என்று கேட்டான். பார்த்தேன் என்றேன். "சிமிட்டலயே?" என்றான். இல்லை என்றேன். அன்று அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறு ஆண்டு அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று மாடி உயரத்திலிருந்து குதித்து ஒரு கீறலும் படாதவன், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரக் கட்டிலில் பதினொரு நாள் படுத்திருந்து இறந்துபோனான். அப்போது அவனுக்கு வயது இருபத்தேழு.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அந்தப் படம் வீடியோ கேசட்டாக வந்தது. கேசட்டையும் அதைப் போட்டுப் பார்க்க ஒரு டெக்கையும் வாங்கினேன். அவன் திரும்பியதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். அதன் பிறகு பள்ளிவிட்டு வந்ததும் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவந்தேன். நிறுத்தினால் டேப் அந்த இடத்தில் தேயும் என்று எனக்குத் தெரியாது. ஆறு மாதத்தில், படம் முழுவதும் தெளிவாக இருக்க, அவன் முகம் வரும் ஒன்றரை நொடி மட்டும் புள்ளி புள்ளியாகிவிட்டது. இங்கே ஒரே ஓர் உதாரணம் சொல்ல அனுமதி கேட்டேன். எழுத்தர் சரி என்றார். சில பிள்ளைகள் சரியாக வர வேண்டுமே என்ற ஆசையில் விடையை அழித்து அழித்து எழுதி, அந்த இடத்தில் தாளில் ஓட்டை போட்டுவிடுவார்கள். நான் செய்ததும் அதுதான். வேறு கேசட் தேடிப் பல வருடம் அலைந்தேன். கிடைக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு வீடியோ கம்பெனி அந்தப் படத்தைப் புதுப்பித்து டிஸ்க்காக வெளியிடுவதாக விளம்பரம் வந்தது. அதிலுள்ள தவறுகளைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே இளவட்டங்கள் கூடுகிறார்களாம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சிரிக்கிறவர்களும் அவன் முகத்தைப் பார்த்துத்தானே சிரிப்பார்கள். டிஸ்க்கை எத்தனை முறை நிறுத்தினாலும் தேயாது என்று பக்கத்து வீட்டு மருமகள் சொன்னார். இந்தத் திங்கட்கிழமை, வெளியான அன்றே, கடை திறக்குமுன் போய் நின்று வாங்கினேன். அவர் வீட்டில் போட்டுப் பார்த்தோம். கூரை வந்தது. அவன் ஓடினான். விளிம்பில் அவன் திரும்புகிற இடத்தில், வேறு காட்சியிலிருந்து எடுத்த கதாநாயகனின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். "இவரா உங்க தம்பி?" என்று அந்த மருமகள் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு புதன்கிழமை அந்தக் கம்பெனிக்குப் போய் மேலாளரைப் பார்த்தேன். அவர் மரியாதையாகவே பேசினார். "அது தப்பான ஷாட்டுங்க மேடம். முப்பது வருஷமா படத்துக்கே கெட்ட பேரு. நாங்கதான் உட்காந்து சரி பண்ணினோம்" என்றார். சரி செய்யாத பிரதி வைத்துக்கொள்ளவில்லை என்றும், பழைய ரீல்கள் புளித்த வாடை அடிப்பதால் வெள்ளிக்கிழமை அழிக்க அனுப்புவதாகவும் சொன்னார். அந்த இடம் ஒன்பதாம் ரீலில் வருவதாக அவரே சொன்னார். அதை மட்டும் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்ட முடியாது என்றார்.

நேற்று மதியம் அதையே மனுவாக எழுதிக்கொண்டு மறுபடி போனேன். மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். நடையில் பத்துத் தகர டப்பாக்கள் அடுக்கி இருந்தன. ஒன்பது என்று சீட்டு ஒட்டியிருந்ததை எடுத்து, துணிப்பையில் குடைக்குக் கீழே வைத்துக்கொண்டு படியிறங்கினேன். வாயிற்காவலர், "குடுங்கம்மா, கனமா இருக்கு" என்று அதை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை வந்தார். பையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து, சன்னல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துச் சிறிது சிறிதாகத் தள்ளிப் பார்த்தேன். மாலை ஐந்தே கால் மணிக்கு அவன் கிடைத்தான். படச்சுருள் நொடிக்கு இருபத்து நான்கு படம் ஓடும். அளந்து பார்த்தால் அது சரியாக ஒரு முழம். ஆக, அவன் ஒன்றரை முழம் இருந்தான். மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது. வெட்டி எடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பிலிமில் முப்பத்தாறு தம்பிகள் வரிசையாக நின்றார்களே ஒழிய, ஒருவனும் திரும்பவில்லை. மெஷினில் ஓடினால்தான் அவன் திரும்புவான். என்னிடம் மெஷின் இல்லை. ஆகவே பழையபடி சுற்றி டப்பாவில் வைத்தேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு அதைத் திருப்பிக் கொடுக்கக் கம்பெனிக்குப் போனபோது, ஏற்கெனவே புகார் கொடுத்திருப்பதாகச் சொல்லி என்னை இங்கே அழைத்து வந்தார்கள். பழைய படம் சேர்ப்பவர்களுக்கு விற்பதற்காக நான் எடுத்ததாகப் புகாரில் உள்ளது. அது உண்மையல்ல. எடுத்தது உண்மை.

டப்பாவின் சீட்டு என் பையிலேயே உதிர்ந்து தூளாகிவிட்டது. ரீலின் முனையில் எழுதியிருந்த மையும் அழிந்திருந்தது. எழுத்தர் மேலாளரிடம், "இது உங்க ரீல்தான்னு எப்படி சார் எழுதறது? பாத்தா பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கு" என்று கேட்டார். ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று மேலாளர் சொன்னார். அதற்கு எழுத்தர், "அப்ப ஓட்டிக் காட்டுங்க. எடுத்தவங்களும் பக்கத்துல இருந்து பாத்து, இதுதான்னு சொல்லணும். அதான் முறை" என்றார். அதுவரை ரீல்கள் எதையும் அழிக்கக் கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொண்டார். அதன்படி நாளைக் காலை பதினொரு மணிக்குக் கம்பெனியில் ஆஜராகி, ரீலைக் கடைசி வரை பார்த்து அடையாளம் காட்டச் சம்மதிக்கிறேன். கண் சிமிட்டாமல் பார்ப்பேன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். இரண்டு இடங்களில் 'பந்து என்பவர்' என்றிருந்ததை 'என் தம்பி' என்று மாற்றச் சொன்னேன், மாற்றப்பட்டது. இதில் நான் சொன்ன அனைத்தும் உண்மை. பொய் சொன்னது அந்தத் திங்கட்கிழமை, அவனிடம் மட்டும்தான்.

(ஒப்பம்)