சாப்பாட்டு நேரத்து அமர்வு

மாநாடு நடத்துவதில் பாதி வேலை, யாரை எந்த அறையில் எந்த நேரத்துக்குப் பேச வைப்பது என்பதுதான். சங்கச் செயலாளராகப் பதினாறு வருடம் அதைச் செய்திருக்கிறேன். யாரும் குறை சொன்னதில்லை.

நீங்கள் விசாரிக்க வந்தவர். எங்கள் சங்கத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடத்திய இருபது ஆசிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அப்போதெல்லாம் மாநாட்டின் கடைசி நிகழ்ச்சி, அவரவர் வகுப்பில் சொதப்பியதை எழுந்து சொல்வது. வயிறு வலிக்கச் சிரிப்போம். பிறகு கம்பெனிகள் வந்து கடை விரித்தன, அரங்கம் பெரிதானது, அந்த நிகழ்ச்சி நின்றது. பள்ளிகளுக்கு எதை வாங்கலாம் என்று கல்வித்துறையே எங்களைக் கேட்க ஆரம்பித்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

சயின்ஸ் டீச்சர் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். என்னை அண்ணா என்பாள். டேப்லெட்டுகளை அடுக்கிப் பூட்டி சார்ஜ் ஏற்றும் இரும்பு அலமாரி ஒன்று அவள் வகுப்பில் இருந்தது. அதற்குள் தெர்மாமீட்டர் வைத்து மூன்று மாதம் தினமும் குறித்து, ‘அலமாரி தீப்பிடிக்கும்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை அனுப்பினாள். அந்த ஆண்டு அரங்கமும் சாப்பாடும் அலமாரிக் கம்பெனியின் உபயம்.

நான் கட்டுரையை நிராகரிக்கவில்லை. தலைப்பை மட்டும் ‘சார்ஜ் வசதி: ஒரு வகுப்பறை அனுபவம்’ என்று மாற்றினேன். பகல் ஒரு மணி, மூன்றாம் மாடி ஒதுக்கினேன். கீழே பந்தி நடந்துகொண்டிருந்தது. மேலே போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் போனுக்கு சார்ஜ் போட இடம் தேடிப் போனவர்.

இறங்கி வந்து கேட்டாள். "யாருமே வரலண்ணா. நீங்களாவது படிச்சீங்களா?"

"படிச்சேன்மா. மேல அனுப்பிடறேன், நீ கவலைப்படாத."

"உங்ககிட்ட சொல்லிட்டேன்ல, அது போதும்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

அடுத்த மாதம், இந்த அலமாரி பற்றிப் புகார் ஏதும் உண்டா என்று துறையிலிருந்து கேட்டார்கள். கட்டுரை வேறு, புகார் வேறு. ‘எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நானூறு பள்ளிகளுக்கு அலமாரி போனது.

அவள் மட்டும் தன் வகுப்பில் பிளக்கைப் பிடுங்கியே வைத்திருந்தாள். தலைமை ஆசிரியர் சத்தம் போடவும் எனக்குப் போன் செய்தாள்.

"இப்ப போடலாமாண்ணா?"

"கம்பெனியில செக் பண்ணிட்டாங்கம்மா. போடு."

யாரும் செக் பண்ணவில்லை. போனை வைத்ததும் அவள் போட்டிருப்பாள், என் பேச்சை மீறியதே இல்லை. நான்காம் நாள் மத்தியானம் தீப்பிடித்தது. அலமாரி கதவுப் பக்கம் இருந்தது. ஒன்பது பிள்ளைகள் வெளியே வரவில்லை. மற்றவர்களை ஜன்னல் வழியே இறக்கிவிட்டு, அந்த ஒன்பது பேருக்காக அவள் திரும்ப உள்ளே போயிருக்கிறாள்.

வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். மரத்துப்போய்விட்டது, வேறென்ன சொல்ல. இந்த ஆண்டு மாநாட்டின் முதல் அமர்வு அவள் நினைவாகத்தான். காலை பத்து மணி, பெரிய அரங்கம். ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது, அதை நான் பார்த்துக்கொள்வேன்.