நெய்வதற்கு முன்னே பார்ப்போம்

தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தமிழ்ச் சத்தம் கேட்க வந்திருக்கும் தகைசால் அவையோரே! தலைமை தாங்கும் பெருந்தகை சௌந்தரபாண்டியன் அவர்களே! அருப்புக்கோட்டை வெயிலை முந்தானையால் வென்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் பதுங்கியிருக்கும் ஆண் சிங்கங்களே! நெசவாளி நாகேந்திரனின் வணக்கம்!

நோய் வந்தால் வலிக்கும். வராத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? சென்ற ஆண்டு இந்தக் கேள்வி என்னைக் குடைந்தது. குடைய வைத்தவர் செவிலியர் சுவாதி.

தெருவில் சேலைக்கான பாவு நூலை நீட்டியிருந்தோம். தறியில் ஏற்றும்முன் அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தோம், நானும் என் மனைவி வேணியும். சுவாதி வந்தார்.

"முப்பது வயசு தாண்டின பொம்பளைக கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சோதனை பண்ணிக்கிடணும். அக்காவ அனுப்புங்கண்ணே."

"அவளுக்கு என்னம்மா? நல்லாத்தான இருக்கா!"

"இந்தச் சேலையில எங்கண்ணே கிழிஞ்சிருக்கு?"

"நெய்யவே இல்லையேம்மா, எப்படிக் கிழியும்?"

"அப்ப எதுக்கு இழை இழையாப் பாக்குறீக?"

சிரிக்கிறீர்களா? வேணியும் சிரித்தாள். சிரித்தவள் என்னையும் கூப்பிட்டாள். பாவு வேலையைக் காரணம் காட்டி வீம்பாக நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில் தனியாகப் போனாள்.

கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற மருந்தைத் தொட்டுவைத்தார்களாம். ஒரு நிமிடத்தில் வெள்ளையாய் ஒரு திட்டு! வலி இல்லை, வாட்டம் இல்லை, வந்த சுவடே இல்லை. திட்டு மட்டும் இருந்தது! புற்றுநோய் அல்ல, விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடும். அதைக் கடுங்குளிரால் உறையவைத்து அழித்தார்கள்.

யாரப்பா அங்கே? "பொம்பள விஷயத்துல நமக்கென்ன சோலி"யா? நல்ல கேள்வி! நானும் டாக்டரிடம் கேட்டேன். இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் கிருமி பெரும்பாலும் தாம்பத்தியத்தில்தான் பரவுமாம். ஆணிடமும் இருக்குமாம், ஆண்டுக்கணக்கில் அடையாளமே காட்டாதாம். எங்கள் இருவரில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாதாம்! அப்படியானால் வெட்கம் மட்டும் ஏன் அவளுக்கு? பயம் மட்டும் ஏன் அவளுக்கு? அலைச்சல் மட்டும் ஏன் அவளுக்கு?

மகள் பானுப்பிரியாவுக்குப் பதின்மூன்று வயது. கிருமி அண்டும்முன் தடுக்கும் ஊசியைப் போட்டுவிட்டோம். வளர்ந்தபின் அவளும் சோதனைக்கு வரத்தான் வேண்டும்.

நாம் கூடியிருக்கும் இந்த ஆஸ்பத்திரியில்தான் வேணிக்கு இன்று மறுசோதனை. "மறுபடி இருந்துச்சுன்னா என்ன பண்ணுவீக?" என்று காலையில் கேட்டாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குக் கிளம்பிவிட்டேன். அவள் சம்மதத்தோடுதான் இதையெல்லாம் சொல்கிறேன். "பேரையும் சொல்லுங்க, நானென்ன திருடவா செஞ்சேன்?" என்றாள். வேணி, இப்போது சொல்கிறேன்: இருந்தாலும் கூட வாரேன், இல்லாட்டியும் கூட வாரேன்!

சிங்கங்களே! அதோ, சோதனை அறை வாசலில் நீளமாய் ஒரு பெஞ்சு கிடக்கிறது. காலையிலிருந்து அதில் ஒரு புருஷனும் உட்காரவில்லை. நான் போகிறேன். எனக்குப் பக்கத்தில் இடம் நிறைய இருக்கிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எழுந்து வரப்போகிறவர்களுக்கு வணக்கம்!