ஒரே கேனில் ஊற்றிய பால்

மாடு கத்துகிறது. முதல் கல் அதன் முதுகில் விழுந்தது. இரண்டாவது எங்கள் கூரையில். படார். சிமெண்ட் ஷீட்டில் கல் விழுந்தால் அந்தச் சத்தம்தான். தகரத்தில் விழுந்தால் டணங்கென்று கேட்கும், அதிர்வு அடங்கக் கொஞ்ச நேரமாகும். மண்சுவரில் விழுந்தால் தொப். மூன்றும் கேட்கிறது. எந்தச் சத்தம் யார் வீடு என்று எனக்குத் தெரியும். காலனியிலேயே பிறந்து காலனியிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான்.

"மேக்கால இருந்து வாராங்க. ஓடுங்க, ஓடுங்க." மாரப்பன் அண்ணன் குரல். கொத்தனார். அன்று வேலைக்குப் போகவில்லை. குரல் பாதியில் நின்றுவிட்டது.

நான் ஓடவில்லை. கட்டுத்தரையில் நிற்கிறேன். மாட்டை அவிழ்க்க வேண்டும். சிந்து மாடு. ஐந்து மாதச் சினை. பயத்தில் இழுத்து இழுத்து முடிச்சை இறுக்கிவிட்டது. நகம் பெயர்கிறது. முதுகில் சூடு. திரும்பினேன். சோளத்தட்டுப் போர் எரிகிறது. காற்று எங்கள் பக்கம். அரிவாளை எடுத்து ஒரே வெட்டு. மாடு தென்னந்தோப்புப் பக்கம் பாய்ந்தது. இன்னொரு கல் வந்து அதன் மடியில் பட்டது. பட்டதைப் பார்த்தேன். எறிந்தவனையும் பார்த்தேன். சதீஷ். ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளக்கும் கவிதாவின் அண்ணன்.

அந்தக் கவிதா சற்று முன்புதான் எனக்குப் போன் செய்திருந்தாள். "அக்கா, மாட்ட அவுத்துக்கிட்டு தோட்டத்துப் பக்கம் போயிருங்க. எதுக்குன்னு கேக்காதீங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊர்க்காரி எதற்கு என் மாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாள்? வீட்டை ஆளில்லாமல் ஆக்கிவிட்டு, உள்ளே எதையாவது கொண்டுவந்து வைத்து, திருட்டுப் பட்டம் கட்டப் பார்க்கிறார்களோ என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே நின்றேன். கல் வந்துவிட்டது.

என் பெயர் ராணி. கிணத்துக்கடவைத் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊர் என்பது மேற்கே. காலனி கிழக்கே. நடுவில் ஒரு ரோடு, காலனிக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு. என் வீட்டுக்காரர் செல்வராசு குட்டியானை வண்டி ஓட்டுகிறார். தேங்காய் லோடு. முதல் கல் விழுந்தபோது அவர் பொள்ளாச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். இரு தரப்பினரிடையே மோதல் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. இதைப் படிக்கிறவர்கள் அந்த வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். மோதல் என்றால் இரண்டு பக்கமும் கல் வேண்டும். எங்கள் பக்கம் இருந்தது பால்.

எங்கள் சொசைட்டியில் காலையில் இரண்டு கேன் வைப்பார்கள். முதல் கேனில் ஊர்க்காரர்கள் பால். இரண்டாவது கேனின் கைப்பிடியில் ஒரு நீலக் கயிறு. அது காலனிக்கு. ஏன் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. எழுதவும் மாட்டார்கள். முதல் கேனில் இருந்துதான் ஊருக்குள் வாங்குவார்கள். டீக்கடைக்கு, வீடுகளுக்கு, கோயில் அபிஷேகத்துக்கு. நீலக் கயிற்றுக் கேன் யாருக்கும் திறக்காமல் நேராக வண்டியேறி டவுனுக்குப் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை. ஊர்க்காரர்கள் தோட்டத்து மாடுகளைப் பாதிக்குமேல் கறப்பது எங்கள் பெண்கள்தான். அவர்கள் மாட்டை நாங்கள் கறந்தால் முதல் கேன். எங்கள் மாட்டை நாங்கள் கறந்தால் நீலக் கயிறு. கை ஒரே கை. கழுவுகிற தண்ணீரும் ஒரே தொட்டித் தண்ணீர். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு வயிறு எரியும். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். என் மாட்டுப் பாலை எல்லோருடைய பாலோடும் ஊற்ற வேண்டும். பெரிய ஆசை ஒன்றுமில்லை.

ஒரு பிரதோஷ நாள் காலை. நீலக் கயிற்றுக் கேனின் அடி ஒழுகிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள். காலனி ஆட்களில் நான்தான் முதல். கவிதா கேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். யாருமில்லை. "அக்கா, இதுலயே ஊத்திப்போடுங்க" என்று முதல் கேனைக் காட்டினாள். யாருமில்லாதபோது நான் அவளுக்கு அக்கா. ஆள் இருந்தால் ராணி. அதனால் அவள் அக்கா என்றாலே நான் ஒருமுறை யோசிப்பேன். அன்றும் யோசித்தேன். ஆனால் ஊற்றிவிட்டேன். என் பால் உள்ளே விழுந்து கலந்தது. எது யாருடையது என்று கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் சந்தோஷம்.

ராத்திரிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தக் கேன் பால்தான் அபிஷேகத்துக்குப் போயிருந்தது. கோயிலைக் கழுவிவிட்டார்கள். சாமியையும் கழுவினார்களாம். அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நான் சொல்லவில்லை. பிறகு யார்? என்னை மாட்டிவிடத்தான் ஊற்றச் சொன்னாளா? இல்லை, வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுவிட்டாளா? ராத்திரியெல்லாம் இதையே போட்டுக் குழப்பிக்கொண்டேன்.

மறுநாள் என் பாலைத் திருப்பி அனுப்பினார்கள். தண்ணீர் கலந்திருக்கிறதாம். அதற்கடுத்த நாள் காலனிப் பால் மொத்தத்திலும் தண்ணீர். ஒரே நாளில் காலனி மாடுகள் எல்லாம் தண்ணீர் குடித்துத் தண்ணீரே கறந்தன போலிருக்கிறது. பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, மோராக்கிக் குடித்துத் தீர்த்தோம். தீராததை வாய்க்காலில் ஊற்றினோம்.

கிராம சபை வந்தது. மாரியம்மன் கோயில் மைதானம், பந்தல், மைக். நான் எழுந்தேன். கேட்டுவிட்டேன். "ஏனுங்க தலைவரே, எங்க பாலுக்கு எதுக்குங்க தனிக் கேன்?"

சொசைட்டித் தலைவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அவர் கோபப்பட்டே நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பயம். "அம்மணி, தரம் பாக்கறதுக்காகத்தானுங்க ரெண்டு கேன். இந்தக் காலத்துல யாருங்க சாதி பாக்கறாங்க? எம் பையன் பெங்களூர்ல யாருகூடயோதான் உக்காந்து சாப்புடறான்." கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும் எழுந்தார். "அப்படீன்னா கேன மாத்தி வெச்சுப் பாக்கலாமுங்களே" என்றார். அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் என்னைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனார்.

கிராம சபையில் நான் கேட்டதை யாரோ செல்போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். டீக்கடையில் அதே பேச்சு. துடியலூரில் இருக்கும் என் நாத்தனாரின் அபார்ட்மெண்ட் குரூப்பிலும் அதே பேச்சாம். பாதிப்பேர் அநியாயம் என்றார்கள். பாதிப்பேர் இட ஒதுக்கீடு இருக்கிறதே இன்னும் என்ன வேண்டும் என்றார்கள். பால் எங்கே, அது எங்கே? டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பேசினார்கள். ஒருவரும் மாட்டைத் தொட்டவராகத் தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். என் பின்னால் மாடுதான் இருந்தது.

அதிகாரிகள் சமாதானக் கூட்டம் போட்டார்கள். எல்லோருக்கும் டீ. எல்லோருக்கும் பேப்பர் கப். ஒரே தட்டில் பிஸ்கட். தலைவரே என் கையில் கப்பைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். "நம்ம ஊரு ஒத்துமையான ஊருங்க" என்றார். கப்பை அப்படியே கீழே வைத்தேன். இவ்வளவு மரியாதை எங்களுக்கு எப்போதும் சும்மா வந்ததில்லை. வீட்டுக்கு வந்து செல்வராசுவிடம் சொன்னேன். "உனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்" என்றார். அந்த வாரமே கல் விழுந்தது.

அன்றைக்குத் திரும்புகிறேன். மாட்டின் பின்னால் தோப்புக்குள் ஓடுகிறேன். மட்டை தடுக்குகிறது. விழுகிறேன். எழுகிறேன். பின்னால் டணங், டணங். பிறகு கண்ணாடி உடையும் சத்தம். செல்வராசுவின் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். அது வருகிறது. நிற்கிறது. "வண்டிய உட்டுப்போட்டு ஓடியாங்க" என்று கத்துகிறேன். கேட்டிருக்காது. முன்கண்ணாடிதான் உடைந்தது. அவர் குனிந்துவிட்டார். மாரப்பன் அண்ணன் குனியவில்லை. நான் திரும்பி வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தார். விரலுக்கு நடுவே ரத்தம்.

போலீஸ் வேன் வந்தபோது ஊர் அமைதியாக இருந்தது. பெண்கள் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தார்களாம். எறிந்த கல்லெல்லாம் எங்கள் பக்கம் கிடந்தது. அதனால் கல் உங்களுடையதுதானே என்று ஒரு போலீஸ்காரர் கேட்டார். நல்ல கேள்வி.

மாடு மறுநாள் காலை தானாகத் திரும்பி வந்தது. முதுகில் கொப்புளம். மடி வீங்கிக் கல்லாகியிருந்தது. கால்நடை டாக்டர் ஊசி போட்டார். தலையை ஆட்டினார். சினை கலைந்தது. கிடேரிக் கன்று. அதன் காது இவ்வளவுதான் இருந்தது, என் கட்டைவிரல் அகலம். தோப்போரம் குழிதோண்டிப் புதைத்தோம். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

விசாரணை நடந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஆபீஸில் ஒரு பெரிய அறை. சுற்றிலும் நாற்காலி. ஊரிலிருந்து ஒருவர்கூட எங்களுக்காகப் பேசமாட்டார்கள் என்று தெரிந்தே போனோம். கவிதாவைக் கூப்பிட்டார்கள். அவள் பின்னால் தலைவர். அவர் பக்கத்தில் சதீஷ். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவள் எழுந்து நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துப் பேசினாள். "தனிக் கேன் தரத்துக்கு இல்லீங்க. சாதிக்குத்தானுங்க. நான் வேலைக்குச் சேந்தப்பவே சொல்லித்தான் சேத்துனாங்க. ராணியக்கா பாலு நல்ல பாலுங்க. தண்ணின்னு எழுதச் சொன்னாங்க, எழுதிப்போட்டேன். அன்னைக்கு முதல் கேன்ல ஊத்தச் சொன்னதும் நாந்தானுங்க."

இத்தனை பேர் முன்னால் ராணியக்கா என்றாள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அதிகாரி அடுத்த கேள்வி கேட்டார். கல்லெறிந்தது யார் என்று தெரியுமா? சதீஷ் செருமினான். "நான் பாக்கலீங்க" என்றாள்.

பார்க்கவில்லையாம். பிறகு எப்படி எனக்குப் போன் செய்தாள்? கல்லெறியப் போவதைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டிலேயேதான் பேசியிருக்க வேண்டும். அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கேனைப் பற்றி உண்மை சொன்னாள். கல்லைப் பற்றிப் பொய் சொன்னாள். ஒன்றுக்கு ஒன்று என்று வீட்டில் பேசி முடித்துவிட்டு வந்தாளா? தானாகத் துணிந்து சொன்னதா? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் வாசலுக்கு ஓடினேன். கேட்க நினைத்தேன். அதற்குள் அவளைக் காரில் ஏற்றிவிட்டார்கள். நடுவில் அவள். இரண்டு பக்கமும் ஆண்கள்.

உத்தரவு வந்தது. இனி ஒரே கேன். நீலக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். முதல் நாள் காலனிப் பெண்கள் எல்லோரும் தூக்குப்போசியோடு போனார்கள். நானும் போனேன், வெறுங்கையோடு. என் மாடு பால் மறந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் அளக்கப் புதிதாக ஒரு பையன். தலைவர் அன்றைக்கும் சிரித்தார். ஊர்ப் பெண்களில் ஒருத்திகூடப் பால் வாங்க வரவில்லை. காலை பஸ்ஸில் பாக்கெட் பால் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. கோயிலுக்கும் பாக்கெட்தான். கேன் ஒன்றாகிவிட்டது. குடிப்பவர்கள் வேறாகிவிட்டார்கள்.

கவிதா ஊரில் இல்லை. வெள்ளகோவிலில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள் என்கிறார்கள். அவசரமாகக் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்கிறார்கள். படிக்க அனுப்பியிருக்கிறோம் என்று அவள் அம்மா சொல்கிறாளாம். மூன்று பேச்சு இருந்தால் மூன்றையும் நான் நம்புவதில்லை. அவள் நம்பருக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. நான் பார்த்ததைச் சொன்னதால் சதீஷைப் பிடித்தார்கள். ஜாமீனில் வந்து புல்லட்டில் சுற்றுகிறான். எங்கள் தெருவுக்குள்ளும் ஒருமுறை வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

இழந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கூரை போன வீடு பதினொன்று. எரிந்தது ஒரு போர் சோளத்தட்டு. மாரப்பன் அண்ணனின் வலது கண் ஒன்று. அவர் இனி சாரத்தில் ஏற முடியாது. வண்டியின் முன்கண்ணாடி ஒன்று. பிறக்காத கிடேரி ஒன்று. என் மாட்டின் பால் முழுவதும்.

ஆள், ஒன்று. கவிதா.

"அவளயெல்லாம் எதுக்கு இதுல சேக்கற? அவ அண்ணந்தான கல்லெறிஞ்சான்?" என்று செல்வராசு கேட்கிறார்.

தெரியும் என்றேன். இருக்கட்டும் என்றேன். ஊரில் அவளைக் காணோம் என்று தேட ஒருவரும் இல்லை.