திருட்டுப் படத்தில் ஒரு தும்மல்

எல்லோரும் செல்போன் மெமரி கார்டில் சினிமா வைத்துப் பார்த்த காலம். படப்பையிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்குவதில் பெயரெடுத்தவன் நான். அன்று முன்சீட்டுப் பேச்சு என்னையே எழுப்பிவிட்டது.

"டவுன்லோட் பண்ணாலும் திருட்டுதான்டா. போன்லேந்து அயிச்சிடு. ஒரிஜினல் சிடி நான் வாங்கித் தரேன்" என்றார் உள்ளூர்க்காரர், பக்கத்தில் இருந்த திருநெல்வேலிக்காரனின் போனில் ஓடிய படத்தைப் பார்த்து.

"ஒரிஜினல்ல எங்கப்பா தும்ம மாட்டாருல்லாண்ணே" என்றான் திருநெல்வேலிக்காரன்.

"இன்னாடா சொல்ற?"

"இது எங்க ஊரு தேட்டர்ல கேமராவ ஒளிச்சு வச்சு எடுத்த படம்ணே. கதாநாயகி சாவுற எடத்துல தும்முறது எங்கப்பா. அவரு போனப்புறம் எங்ககிட்ட இருக்கது இந்தச் சத்தம் மட்டுந்தான்."

உள்ளூர்க்காரர் இயர்போனை வாங்கிக் காதில் செருகினார். கொஞ்ச நேரத்தில் குலுங்கிச் சிரித்தார்.

"டேய், சாவு சீனையே காலி பண்ணிட்டாருடா உங்கப்பா! எனக்கும் ப்ளூடூத்துல அனுப்பு. நாளைக்கு உன் போனு தொலைஞ்சா இன்னா பண்ணுவ?"