புதுப்பேட்டை சீட்டு

வெயில் காலத்தில் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் வெல்வெட்டின் அருமை தெரியும், ஐயா. வேட்டி கட்டியவன் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் சீட்டும் கூடவே எழுந்து வரப் பார்க்கும். என் மாருதியில் இருந்தது அந்த ரெக்சின்தான். அதை மாற்ற நினைத்ததைத் தப்பென்று நீங்களே சொல்ல மாட்டீர்கள்.

ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்தவன் நான். என் வாடகைக்காரன் கொம்பையா அந்த வெல்வெட்டை பிளேடால் கிழித்துவிட்டான். கிழித்தவன் ஓடவும் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் அவனே ஒத்துக்கொள்வான். ஏன் கிழித்தான் என்று கேட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

மண்ணூரில் எங்கள் நிலம் கம்பெனிக்குப் போனபோது, வந்த பணத்தை வைத்து வரிசையாக அறைகள் கட்டினேன். தெற்கிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டேன். குடும்பம் என்றால் தண்ணீர் அதிகம் செலவாகும் என்று நான் கொடுப்பதில்லை. ஆனாலும் கொம்பையாவுக்கும் அவன் மனைவி பேச்சிக்கும் கொடுத்தேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள், கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை, பாவம். என் குணம் அப்படி. திருநாவுக்கரசு என்றால் இளகின மனசு என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன மாதம் வரைக்கும் சொன்னார்கள்.

சீட்டுகளை, பழைய கார் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் வாங்கினேன். பழசுதான், ஆனால் பெரிய இடத்துப் பழசு. ஏதோ ஒரு பெரிய காரிலிருந்து கழற்றியது, சந்தன நிறம். பெரிய காரின் சீட்டு சின்னக் காரில் அடங்குமா? ஓட்டை ஒரு பக்கம் இருந்தது, போல்ட்டு ஒரு பக்கம் நின்றது. கொம்பையாதான் நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல், பழைய போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டுக் கழற்றினான். தரையில் புது ஓட்டை போட்டு, இரும்புப் பட்டை வைத்து முடுக்கினான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பக்கம் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டு வாசலிலேயே எல்லாம் முடிந்தது. டிரைவர் பக்கக் கதவு மட்டும் ஓங்கி அடித்தால்தான் மூடும்.

பின் சீட்டில் கருப்பாக ஒரு கறை இருந்தது. அதைப் பேச்சிதான் எடுத்தாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். ஷாம்பூவும் பல் துலக்கும் பிரஷ்ஷுமாகக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தாள். "ரொம்பத் தேய்க்காதம்மா" என்று நான்கூடச் சொன்னேன். வெல்வெட்டின் முடி படுத்துவிடும் அல்லவா?

கறை போனதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பிள்ளப் பேறுக்கு நான் இந்த வண்டியிலதான் போவேன், சொல்லிட்டேன்" என்றாள். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. "தாராளமா போம்மா, இது உன் வண்டி" என்றேன். எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது, எனக்கும்தான். அதை நம்பி அவர்கள் ஆட்டோக்காரர் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அது அவர்களுடைய கவனக்குறைவு.

சீட்டு மாட்டியதும் அதன்மேல் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டேன். பழைய சீட்டுக்குப் புது உறையா என்று என் மனைவி ஜெயம் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? சாயங்காலம் காரை எடுக்காமலேயே அதில் உட்கார்ந்து காபி குடிப்பேன். போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஆயுத பூஜையன்று மத்தியானம். கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்து முடித்திருந்தேன். அப்போது கொம்பையா ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, பேச்சிக்கு வலி வந்துட்டு. ரத்தமாப் போவுது. வண்டிய எடுங்க."

ரத்தம் என்று அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். வெறும் வலி என்று சொல்லியிருந்தால் நான் எடுத்திருப்பேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் உறை இருக்கிறதே என்பீர்கள். உறைக்குத் தையல் இருக்கிறது, ஐயா. தையல் வழியாக இறங்கினால் வெல்வெட் அவ்வளவுதான்.

"பேட்டரி இறங்கிப் பூடுச்சிப்பா" என்றேன். நம்ப வேண்டுமே என்று சாவியைப் பாதி திருப்பிக் காட்டி உதட்டைப் பிதுக்கினேன்.

"இன்னாங்க, காத்தால நல்லாத்தானே இருந்துச்சி" என்றாள் ஜெயம். நான் அவளைப் பார்த்தேன். அவள் பேச்சியைத் தாங்கிப் பிடிக்கப் போய்விட்டாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லோரும் பூஜை போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அதனால் பையன்கள் என் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று கிளம்பினார்கள். அறைகளில் இருந்த தெற்கத்திப் பிள்ளைகள் எல்லோரும் வந்து பின்னால் கை வைத்தார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மாலையும் சந்தனமுமாக நின்ற காரில் ஏறி உட்கார்ந்தேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். எலுமிச்சம்பழங்கள் முறைப்படி நசுங்கின.

தள்ளுகிற வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமென்றால், வேகம் வந்ததும் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்க வேண்டும். மிதித்தபடியே இருந்தால் ஊரே தள்ளினாலும் இன்ஜின் உயிர் பெறாது. இது கார் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

பிள்ளையார் கோயில் வரை தள்ளினார்கள். திருப்பி வீட்டு வாசல் வரை தள்ளினார்கள். குழாயடி மேடையில் ஜெயத்தின் தோளில் சாய்ந்திருந்த பேச்சியைக் கடந்துதான் இரண்டு தடவையும் போனேன். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவசரப்படுத்துகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தங்கமாரி என்கிற பையன் பின்னாலிருந்து, "கிளட்ச்ச விடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"வுட்டுட்டேன்பா, தள்ளு" என்றேன்.

கடைசியில் தண்ணீர் கேன் ஏற்றுகிற வண்டிக்காரர் ஒருவர் வந்தார். கேன்களைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு அவளை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி போகிற வழியில், தண்டலம் தாண்டுவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. பிள்ளையும் பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எப்போதும் சொல்வதுதான். சாவுக்கு நான் மாலை வாங்கிக் கொடுத்தேன், கேட்டுப் பாருங்கள். அந்த மாத வாடகையையும் நான் கேட்கவில்லை.

எனக்கு மனசு சரியில்லை. ஒரு வாரம் கழித்து, பேச்சி பெயரில் மோட்ச தீபம் ஏற்றிவிட்டு வரலாமென்று குன்றத்தூர் முருகன் கோயிலுக்குக் கிளம்பினேன். சாவியைப் போட்டதும் கார் ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆனது. நன்றாக வைத்திருக்கிற வண்டி அப்படித்தான் இருக்கும். குழாயடியில் குடத்தோடு கொம்பையா நின்றதை நான் கவனிக்கவில்லை.

"பேட்டரி புதுசு போட்டியளோ அண்ணாச்சி?" என்று கேட்டான்.

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "இல்லப்பா, பழசுதான்" என்றேன். அவன் குடத்தைக் கீழே வைத்தான். என்னை ஒன்றும் செய்யவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்ததும், தெருவெல்லாம் பார்க்க, சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தான். யாரும் தடுக்கவில்லை. தங்கமாரி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

ஏன் காலை எடுக்கவில்லை என்கிறீர்கள். முதலில் கறைக்குப் பயந்துதான். அதை ஒத்துக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி நன்றாக இருந்தது, கிளட்ச்சை நான்தான் விடவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பயம்கூட இல்லை, ஐயா. இன்ஜின் சத்தமே இல்லாமல், இத்தனை பேர் என்னை வைத்துத் தள்ளிக்கொண்டு போக, தெருவே வாசலில் நின்று பார்த்தது. சீட்டு அவ்வளவு மெத்தென்று இருந்தது. எனக்குக் காலை எடுக்க மனசு வரவில்லை.

இப்போது சீட்டு முழுக்கப் பஞ்சு தொங்குகிறது. இனிமேல் யார் அவசரத்துக்குக் கேட்டாலும், ரத்தமோ என்னவோ, ஒரு நிமிடம் யோசிக்காமல் காரைக் கொடுப்பேன். என் மனசு அப்படிப்பட்டது. ஆனால் ஒருவரும் வந்து கேட்பதில்லை. தெருவில் நன்றி என்பது சுத்தமாக இல்லாமல் போய்விட்டது, ஐயா.