பதினான்கு பீப்பாய்களும் ஓர் அரசியும்

எல்ம்ஃபோர்டு நெசவாளர் சங்கத்தின் தலைமை இருக்கையை அலங்கரிக்கும் பெரியவர் ஜெஃப்ரி ஆல்டஸ் அவர்களே! தொப்பியைக் கழற்றவும் மறந்து கவலையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ச்சபைச் சான்றோர்களே! நூற்றுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்து, உட்கார இடமின்றிச் சுவரோரம் நிற்கும் என் தாய்மார்களே! நான் பீர் வடிக்கும் விதவை தாமசின் பாஸ்க், வணக்கம். மேடை எனக்குப் புதிது. ஆனாலும் ஏறிவிட்டேன். ஆசையால் அல்ல, ஆத்திரத்தால்!

தலைவர் ஒரு கேள்வி வைத்தார். தாமசினின் பதினான்கு பீப்பாய் பீரை, தலைநகரில் ஆட்சியைக் கைக்குள் வைத்துக்கொண்டு, நண்பகலில் இங்கே வரப்போகும் பிரபுவின் படைக்குக் கொடுப்பதா? ஃப்ராம்லிங்கம் கோட்டையில் தன் அரியணை உரிமைக்காக நிற்கும் மேரிக்கு அனுப்புவதா? கேட்டுவிட்டு, “யார் ஜெயிக்கிறாங்கன்னு ரெண்டு நாள் பாப்போமே” என்றும் சொன்னார்.

பார்ப்போமே! இருபது ஆண்டுகளாக நாம் வேறென்ன செய்தோம்?

மன்னர் ஹென்றியின் மூத்த மகள் மேரி. பதினேழு வயதில் அவரிடமிருந்து இளவரசிப் பட்டத்தைப் பிடுங்கினார்கள், பார்த்தோம். தொட்டிலில் கிடந்த தங்கையின் வீட்டில் கீழ்ப்படிந்து வாழ அனுப்பினார்கள், பார்த்தோம். பெற்ற தாய் உயிருக்குப் போராடியபோது ஒருமுறை முகம் பார்க்கக் கேட்டார், விடவில்லை. தாய் போனாள். அப்புறமாவது விட்டார்களா? அந்தத் தாயின் திருமணம் திருமணமே அல்ல என்று மகளையே கையெழுத்திட வைத்தார்கள்! தாய்மார்களே, இதற்குப் பெயர் அரசியலா, அட்டூழியமா?

இப்போது மன்னராயிருந்த தம்பி எட்வர்டும் இறந்துவிட்டார். சாகக்கிடந்த பிள்ளையின் படுக்கையருகே அடுத்து ஆள்வது யார் என்று ஒரு காகிதம் எழுதப்பட்டதாம். அதில் அக்காவின் பெயர் இல்லையாம். பிரபுவின் மருமகள் பெயர் இருக்கிறதாம்!

செவ்வாய்க்கிழமை சந்தையில் பறையறிவிப்பாளர் துர்லோ கத்தினாரே, கேட்டீர்களா? “ராணி ஜேன் வாழ்க!” என்றார். நம் மீன்காரி எய்விஸ் கூடையை இறக்கி வைத்தாள்.

“யாருய்யா அந்த ஜேன்? எந்தத் தெருக்காரி?”

“ஏய், வாய மூடு. பிரபுவோட மருமக.”

“மருமகளா? மன்னரோட மகதான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்காங்களே! எம் மாமியார் செத்தா வீடு எம் புருஷனுக்கா, பக்கத்து வீட்டு மருமகளுக்கா?”

சந்தையே சிரித்தது. அந்த ஒரு கேள்விக்காக எய்விஸின் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி அந்தி வரை வெயிலில் நிறுத்தினார்கள். அதோ, கழுத்துக் காயத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்கிறாள். அவள் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை!

என்ன, மாவு மில் கெரிட்ஜ் ஐயா? உரக்கச் சொல்லுங்கள். “பொம்பள ஆண்டா நாடு உருப்படுமா”வா? நல்ல கேள்வி! ஜேன் மட்டும் என்ன, மீசை வைத்த ஆண்மகனா? பதினாறு வயதுப் பெண்பிள்ளை! அவளை ஆளவைக்கும்போது உருப்படுகிற நாடு, முப்பத்தேழு வயது மேரி ஆண்டால் மட்டும் கெட்டுவிடுமா? ஐயா, பிரபுவின் ஆட்களுக்குப் பெண் குறையில்லை. கைக்குள் அடங்காத பெண்தான் குறை!

சிரிக்காதீர்கள், கெரிட்ஜ் ஐயா. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மேரியைப் பிடிக்கக் குதிரைப்படை அனுப்பினார்கள். அழுதுகொண்டு கப்பலேறி ஓடுவார் என்று எண்ணினார்கள். ஓடினாரா? இல்லை! நம் பக்கம் குதிரையைத் திருப்பினார். நம்மை நம்பி வந்தார்! கொல்லர் வந்தார், குடியானவர் வந்தார், அரிவாளோடும் கவைக்கோலோடும் ஆயிரமாயிரமாய் வந்தார்கள். ஆடி வெயிலில் அந்தக் கோட்டைத் திடலில் நிற்கிறார்கள். ஈட்டி இருக்கிறது, ஈரத்தொண்டை இல்லை! இந்த ஊரோ இரண்டு நாள் பார்க்குமாம்!

தலைவர் மணியடிக்கிறார். முடித்துவிடுகிறேன், ஐயா. கையுயர்த்தச் சொல்லப் போகிறீர்களா? வேண்டாம். பீப்பாய்கள் என் கூடத்தில் இல்லை. விடியலிலேயே மூன்று வண்டிகளில் ஃப்ராம்லிங்கம் போய்விட்டன.

கத்தாதீர்கள்! கேளுங்கள்! ஊர்முத்திரை சுட்டுப் பதிக்காத பீப்பாய் எல்லை தாண்டக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். நான் சட்டத்தை மீறவில்லை. பதினான்கிலும் எல்ம்ஃபோர்டின் முத்திரை இருக்கிறது. இந்நேரம் பாதையில் பார்த்தவர்கள் எல்லாம், எல்ம்ஃபோர்டு மேரியின் பக்கம் என்று படித்திருப்பார்கள்.

“எங்களக் கேக்காம எப்படி அனுப்புவ?” என்கிறீர்கள். ஜேனுக்கு வாழ்க சொன்னபோது உங்களை யார் கேட்டார்கள்? குற்றமென்றால் பீப்பாய் என்னுடையது, கழுத்தும் என்னுடையது. துர்லோவிடம் சொல்லிப் பூட்டச் சொல்லுங்கள்.

ஆனால் நண்பகலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. யாருக்குப் பீர் என்ற கேள்வி முடிந்தது. பிரபுவின் படை வருமுன் ஊரின் தெற்கு வாயிலை யார் அடைப்பது என்பதுதான் மிச்சம். அந்தக் குறுக்குக்கட்டை கனமானது. நான்கு பேர் வேண்டும். எய்விஸ் ஒன்று, நான் இரண்டு.

கோபத்தில் கொட்டிய சொற்களையும் பொறுத்துக் கேட்ட தலைவருக்கும் சான்றோருக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. வணக்கம். வாயிலுக்குப் போகிறேன்.