நாகஜோதியின் தோள்கள்

தலைமையேற்றிருக்கும் முதலாளி தண்டாயுதபாணி அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, தையல் மிஷினுக்குச் சந்தனம் வைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, பூசைப் பொரிக்காக என் பேச்சைப் பொறுத்துக்கொள்ளும் பொறுமையின் சிகரங்களே, வணக்கம்.

நான் அர்த்தநாரி. மூன்றாவது தையல் லைன் சூப்பர்வைசர். ஆள் வந்து சேரும் முன்னே வாய் வந்து சேர்ந்துவிடும்.

சென்ற ஆயுத பூசையன்று இதே மேடையில், டெய்லர் நாகஜோதி கழுத்தைப் பிடித்தபடி நடப்பதை நடித்துக் காட்டினேன். கை தட்டினீர்கள். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, வலி மட்டும் உண்டாம்" என்றேன். விசிலடித்தீர்கள். அங்கே யார் சிரிப்பது, வெள்ளையனா? சிரிச்சுக்குங்க சாமி, இன்னும் ரெண்டு நிமிசந்தான்.

அன்றோடு வலி என்ற சொல்லையே விழுங்கினாள். பல்லைக் கடித்துப் பதினோரு மாதம் தைத்தாள். போன வாரம் மிஷின்மேலேயே சாய்ந்தாள். நான்தான் அவிநாசி ரோட்டு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அன்பினாலா? இல்லை. 'நடிக்கிறாள்' என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்; சாட்சி வேண்டுமே.

அங்கே என் செல்போன் அலறியது. பழக்க தோஷம், லைனில் தினமும் ஏற்றுமதிச் சரக்கைக் கேட்டு விரட்டுவதுபோலவே, "ஷிப்மெண்ட் என்னாச்சு?" என்று கத்தினேன். நாகஜோதியின் இரண்டு தோள்களும் காதுவரை ஏறி, அங்கேயே நின்றன.

மருத்துவர் கேட்டார்: "ஏனம்மணி, எத்தன வருசமா இப்பிடி ஏறுது?"

"எது சார்?" என்றாள். ஏறியதே அவளுக்குத் தெரியவில்லை.

"எலும்பு நல்லாத்தானுங்க இருக்குது. வருசக்கணக்காப் பயந்து பயந்து ஒடம்பு முறுக்கிட்டே கெடந்தா, லேசாத் தொட்டாக்கூட நரம்பு வலியின்னுதான் சொல்லும். அந்த வலி நெசமுங்க."

"இவரு நம்ப மாட்டாரு சார். மேடையிலயே நடிச்சுக் காட்டுனவரு."

எலும்பைக் காட்டிய எக்ஸ்ரே என்னை ஏன் காட்டவில்லை? என் லைனில் அவள் தைத்த ஒன்பது ஆண்டுகளும் அந்தத் தோள்களை உயர்த்தியது எந்த ஷிப்மெண்ட்? எவன் குரல்? இந்தக் குரல்தான்.

முதலாளி அவர்களே, நான் எழுதிய அந்தத் தாளை வைத்துத்தான் நாளை அவளை வேலையிலிருந்து நிறுத்துகிறீர்கள். அது பொய். சாட்சி வேண்டுமா? இப்போது ஒரே ஒரு சொல் சொல்கிறேன். கத்தமாட்டேன்.

ஷிப்மெண்ட்.

அப்படியே இருங்கள். பக்கத்தில் இருப்பவர் தோளைப் பாருங்கள். வெள்ளையா, இப்போது சிரிப்பைக் காணோமே. முதலாளி அவர்களே, மன்னிக்க வேண்டும், தங்கள் தோளும்தான்.

நம்மில் யாராவது நடித்தோமா?

மூன்றாம் வரிசையில் இருக்கும் நாகஜோதி அம்மணி, உனக்கு வலிக்கிறது. நம்புகிறேன். பொறுத்துக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. தோளை இறக்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.